புகுந்த வீட்டு மொழி: மும்பையில் மராத்தியும் தமிழும் கற்ற அனுபவங்கள்

டோம்பிவிலியிலிருந்து

நான் மதுரைக்காரி. வீட்டுக்காரர் மராத்தி, சாத்தாரா பக்கம். ஆபீஸில் பழகியபோது எங்களுக்குள் ஓடியது பாதி ஹிந்தி, பாதி ஆங்கிலம். கல்யாணத்துக்கு அப்புறமும் அதேதான். சண்டைகூட ஹிந்தியில்தான் போடுகிறோம். எந்த மொழியில் பழக ஆரம்பித்தோமோ அதிலிருந்து மாறுவது லேசில் நடக்காது. அதனால் 'அவர் சொல்லிக்கொடுப்பார், நான் கற்றுக்கொண்டுவிடுவேன்' என்று யாராவது நினைத்திருந்தால் இப்போதே வேறு வாத்தியாரைப் பாருங்கள். எங்கள் இருவருக்கும் நடுவில் மராத்தி தேவைப்படவே இல்லை. அவருடைய அம்மா, தங்கை, சித்தி, மாடிவீட்டுக்காரர்கள் என்று மற்ற எல்லோரிடமும் தேவைப்பட்டது.

மும்பையில் மராத்தி கற்பதற்குப் பெரிய இடைஞ்சல் ஹிந்திதான். ஒரு வாக்கியத்தைத் தொடங்கிவிட்டு நடுவில் கொஞ்சம் யோசித்தால் போதும், எதிரில் இருப்பவர் ஹிந்திக்குத் தாவிவிடுவார். காய்கறிக்காரர் தாவுவார், ரிக்‌ஷாக்காரர் தாவுவார், மாமியாரும் தாவுவார். எல்லாம் நம்மேல் உள்ள கரிசனத்தில்தான். ஆனால் கூடத்தில் நாலு பேர் மராத்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, உங்கள் பக்கம் மட்டும் திரும்பி ஹிந்தியில் 'டீ வேணுமா?' என்று கேட்டால், அந்த வீட்டில் நீங்கள் இன்னும் விருந்தாளிதான்.

எனக்குக் கை கொடுத்தவர் ஆஜி, அதாவது வீட்டுக்காரரின் பாட்டி. ஊரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவருக்கு ஹிந்தி வராது, வரவேண்டும் என்ற எண்ணமும் இல்லை. மத்தியானம் நானும் அவரும்தான் சாப்பிட உட்காருவோம். மராத்தியில் பொருளுக்கெல்லாம் ஆண், பெண், இரண்டுமில்லாதது என்று மூன்று பால் உண்டு. நமக்குத் தலை சுற்றும். ஆஜி இலக்கணம் எதுவும் சொல்லவில்லை. தட்டைத் தள்ளி 'தே தாட்' என்பார், கிண்ணத்தைக் காட்டி 'தீ வாட்டீ', கரண்டியை எடுத்து 'தோ சம்சா'. ஒரு சாப்பாட்டுத் தட்டிலேயே மூன்று பாலும் வந்துவிட்டது. நான் 'தோ வாட்டீ' என்றால் திருத்தமாட்டார். காது கேட்காத மாதிரி உட்கார்ந்திருப்பார். சரியாகச் சொன்னால்தான் ஆம்டி, அதாவது அவர்கள் பருப்புக் குழம்பு, கிண்ணத்துக்கு வரும்.

வீட்டுக்காரரிடம் கற்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 'நான் போகிறேன்' என்று தமிழில் ஆணும் சொல்லலாம், பெண்ணும் சொல்லலாம். மராத்தியில் ஆண் 'மீ ஜாதோ' என்பான், பெண் 'மீ ஜாதே' என்பாள். அவர் பேசுவதைக் கேட்டுக் கேட்டே கற்றால் ஆம்பிளைப் பேச்சுதான் வாயில் ஒட்டும். 'சாப்பிட்டாயா?' என்பதும் அப்படித்தான். அவரிடம் கேட்டால் 'ஜேவ்லாஸ் கா', என்னிடம் கேட்டால் 'ஜேவ்லீஸ் கா'. ஆகவே பெண்கள் நாத்தனாரையோ மாமியாரையோ பிடித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளைகள் மாமனாரை.

ஆஜிக்கு அடுத்த வாத்தியார் லோக்கல் ரயில். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் மராத்தி, ஹிந்தி, ஆங்கிலம் என்று மூன்றிலும் அறிவிப்பு வரும். காசு கொடுக்காத டியூஷன். லேடீஸ் பெட்டியில் சீட் வேண்டுமென்றால் உட்கார்ந்திருப்பவரிடம் 'குடே உதர்ணார்?' என்று கேட்டாக வேண்டும். எங்கே இறங்குவீர்கள் என்று அர்த்தம். தாதர் ஸ்டேஷன் என்றால் 'தாதர்லா' என்பார்கள், நம் 'கு' அங்கே 'லா'. டாணே என்றால் 'டாணேலா' என்று வராது, 'டாண்யாலா' ஆகிவிடும். மரத்தோடு 'கு' சேர்க்கும்போது நாம் 'மரம்கு' என்றா சொல்கிறோம்? அதே கதைதான்.

இதை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். தமிழர்கள் மராத்திக்கு ஹிந்தி வழியாகப் போகிறார்கள். எழுத்து ஒன்று என்பதால் அப்படித் தோன்றும். தமிழிலிருந்து நேராகப் போனால் பல இடங்களில் தூரம் குறைவு. 'மலா மராட்டீ யேத' என்றால் வார்த்தைக்கு வார்த்தை 'எனக்கு மராத்தி வரும்'. வீட்டை விட்டுக் கிளம்பும்போது அவர்களும் 'போகிறேன்' என்று சொல்வதில்லை, 'யேதே', வருகிறேன் என்கிறார்கள். நாம், நாங்கள் என்று நாம் பிரிப்பதை அவர்களும் 'ஆபண்', 'ஆம்ஹீ' என்று பிரிக்கிறார்கள். ஹிந்தியில் இரண்டுக்கும் ஒரே 'ஹம்'தான். நமக்கு ரத்தத்திலேயே இருக்கும் ள அங்கேயும் இருக்கிறது. வடக்கத்தி மருமகள்கள் அதற்குத் தவிப்பதைப் பார்த்தால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும், பொய் சொல்வானேன்.

மாமனார் கதை தனி. 2024 அக்டோபரில் மராத்திக்குச் செம்மொழி அந்தஸ்து கிடைத்தபோது வீட்டில் பேடா வாங்கினார். 'எங்களுக்கு 2004-லேயே கொடுத்துவிட்டார்கள், பாபா' என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. சமாதானமாக, தஞ்சாவூரை 1855 வரை மராட்டிய ராஜாக்கள் ஆண்டார்கள், பெரிய கோயில் சுவரில் சரபோஜி காலத்தில் 1803-ல் வெட்டிய நீளமான மராத்திக் கல்வெட்டு இருக்கிறது என்று சொன்னேன். அன்றிலிருந்து என்னிடம் அவர் ஹிந்தி பேசுவதில்லை. சரித்திரம் பேச ஹிந்தி போதாது என்று நினைத்துவிட்டார் போல. பாதி புரியாது, ஆனாலும் உட்கார்ந்து கேட்பேன்.

தாராவியிலிருந்து

அக்கா மருமகள் பக்கம் சொல்லிவிட்டார், நான் மாமியார் வீட்டுப் பக்கம் சொல்கிறேன். எங்கள் தாத்தா திருநெல்வேலியிலிருந்து தோல் வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் 90 அடி ரோடு பக்கம். மராத்தி எனக்குத் தெருவில் விளையாடும்போதே வந்துவிட்டது. மனைவி கோலாப்பூர். அவள்தான் தமிழ் கற்க வேண்டியிருந்தது.

அவள் முதலில் ஒரு புத்தகம் வாங்கினாள். அதில் 'சாப்பிட்டீர்களா?' என்று இருந்தது. எங்கம்மா 'சாப்ட்டியளா?' என்பார். 'என்ன செய்கிறீர்கள்' எங்கள் வீட்டில் 'என்ன செய்தீய'. ரெண்டு வேறு மொழியா என்று கேட்டாள். மராத்தியிலும் எழுத்து ஒன்று, பேச்சு ஒன்றுதான். ஆனால் நம் அளவுக்குத் தூரம் இல்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அம்மாவோடு சமையல்கட்டில் நின்றாள். இப்போது எங்கள் வீட்டிலேயே நல்ல நெல்லைத் தமிழ் பேசுவது அவள்தான். நாங்கள் எல்லாம் பம்பாய்த் தமிழுக்குப் போய்விட்டோம்.

ழ அவளுக்கு வரவில்லை. 'பளம்', 'வாளைக்காய்' என்பாள். புத்தகம் அதற்கு ஒரு பக்கம் முழுக்க நாக்கை மடிக்கச் சொல்லியிருந்தது. எங்கள் தெருவில் யாரும் கண்டுபிடிக்கவே இல்லை, ஏனென்றால் நாங்களும் அப்படித்தான் சொல்கிறோம்! சென்னையிலிருந்து வந்த அத்தான் ஒருத்தர்தான் திருத்தினார். அம்மா அவரை முறைத்த முறைப்பில் அதோடு நிறுத்திக்கொண்டார்.

படிக்கக் கற்றது கடை போர்டு பார்த்து. 90 அடி ரோட்டில் தமிழ் போர்டுக்குப் பஞ்சமில்லை. 'கடை'யில் வரும் க ஒரு மாதிரி, 'கணேசர்' கோயிலில் வரும் க இன்னொரு மாதிரி, எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று கேட்டாள். மராத்தி எழுதும் நாகரியில் ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்து உண்டே. அம்மாவிடம் பதில் இருந்தது: 'வார்த்தை தெரிஞ்சா எழுத்து தானா வரும், தெரியலன்னா எங்கிட்ட கேளு.' இதைவிட நல்ல பதில் என்னிடமும் இல்லை.

டோம்பிவிலி அக்காவிடம் ஒரு கேள்வி. மாப்பிள்ளை தமிழ் கற்றாரா?

டோம்பிவிலியிலிருந்து

'போதும்', 'நல்லா இருக்கு', 'நாளைக்குப் பேசலாம்'. இந்த மூன்றை வைத்தே மதுரையில் ஒரு வாரம் ஓட்டிவிடுகிறார் தம்பி. எங்கம்மா 'மாப்ள எவ்ளோ அழகா தமிழ் பேசுறாரு' என்று தெருவெல்லாம் சொல்கிறார். நான் மராத்தியில் ஒரு பால் தவறினால் மூன்று பேர் திருத்துவார்கள். மருமகளுக்கு ஒரு பரீட்சை, மாப்பிள்ளைக்கு ஒரு பரீட்சை. எழுதிக் கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது, விடுங்கள்.

கட்கோபரிலிருந்து

எங்கள் வீட்டில் குஜராத்தி. மாமனார் காலையில் 'மும்பை சமாச்சார்' படிப்பார். 1822-ல் தொடங்கிய பேப்பர், இன்றைக்கும் வருகிறது. குஜராத்தி எழுத்துக்கு மேலே ஹிந்தி மாதிரி கோடு கிடையாது, அது ஒன்று பழகிவிட்டால் பாதி எழுத்தை ஊகித்துவிடலாம். தினமும் அவருக்கு முன்னால் உட்கார்ந்து தலைப்பை மட்டும் வாய்விட்டுப் படிப்பேன். தலைப்பு தாண்டி இன்னும் போகவில்லை. ஆனால் தங்கம் விலை ஏறியதா இறங்கியதா என்று சொல்லிவிடுவேன், மாமியாருக்கு அது போதும்.

முலுண்டிலிருந்து

எந்த மராத்தி என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். நான் நாகர்கோவில். கல்யாணத்துக்கு முன்பே ஒழுங்காக வகுப்புக்குப் போய், எழுதிப் படித்து, தைரியமாக இருந்தேன். வீட்டுக்காரர் சிந்துதுர்க் பக்கம். மும்பையில் இருக்கும் கொங்கண்காரர்கள் எல்லோரும் கணபதிக்கு ஊருக்குப் போவார்கள், ரயிலில் டிக்கெட் கிடைக்காது. அப்படி ஒரு கணபதிக்குப் போனால் அங்கே ஓடுவது மால்வணீ, அந்தப் பக்கத்துப் பேச்சு. வகுப்பில் 'குடே' என்று படித்தது அங்கே 'கய்ம்'. 'மலா' அங்கே 'மாகா', 'துலா' அங்கே 'துகா'. கூட்டத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசும்போது ஒரு வார்த்தை பிடிபடவில்லை. நான் பேசியது மட்டும் அவர்களுக்கு நன்றாகப் புரிந்தது. 'புணே டீச்சர் வந்திருக்காங்க' என்று கொழுந்தன் பெயர் வைத்துவிட்டான்.

அங்கே எனக்கு வழி திறந்தது மீனில்தான். மாமியாரும் கடற்கரை ஊர், நானும் கடற்கரை ஊர். எங்கள் அயிலை அவர்களுக்கு பாங்க்டா, நெய்மீன் சுர்மை, வாவல் பாப்லெட். கணபதி வீட்டில் இருக்கும்வரை மீன் கிடையாது. கணபதியைக் கரைத்த பிறகு மார்க்கெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் செவுளைத் தூக்கிப் பார்த்து ஒரு பாங்க்டாவை ஒதுக்கித் தள்ளினேன். மீன்காரி ஏதோ திட்டினாள். மாமியார் அதைவிட வேகமாகத் திருப்பிக் கொடுத்தார். பேரம் முழுக்க மால்வணீதான். எது விலை, எது வசவு என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும். மும்பை திரும்பினதும் வகுப்பை நிறுத்திவிட்டு, ஞாயிறுதோறும் அவருக்கு போன் போட ஆரம்பித்தேன். வீடியோ வேண்டாம், வெறும் போன்தான் நல்லது. முகத்தைப் பார்த்தால் புரியாமலே தலையாட்டத் தோன்றும்.

செம்பூரிலிருந்து

எனக்கு டிசம்பரில் கல்யாணம், மாப்பிள்ளை நாசிக். 'உகாணா' சொல்ல வேண்டும் என்கிறார்கள். எனக்கு மராத்தியில் காய்கறி வாங்கும் அளவுக்குத்தான் வரும். தப்பிக்க வழி உண்டா?

டோம்பிவிலியிலிருந்து

வழி கிடையாதும்மா, ஆனால் பயப்படவும் ஒன்றுமில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நம் பாட்டிமார் புருஷன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள் இல்லையா, அங்கேயும் அந்த வழக்கம் இருந்தது. எதுகை சேர்ந்த ரெண்டு வரிக்குள் ஒளித்துவைத்துப் பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் உகாணா. சாப்பாட்டுப் பந்தியில், வீட்டுக்குள் நுழையும்போது எல்லாம் 'நாவ் கே, நாவ் கே', பெயரைச் சொல்லு என்று சுற்றி நின்று கத்துவார்கள். சொல்லும்வரை வாசலை மறித்து நிற்பார்கள். இப்போதெல்லாம் மாப்பிள்ளையையும் சொல்லச் சொல்கிறார்கள்.

நெட்டில் நூறு கிடைக்கும், எல்லாம் துளசி, விளக்கு, மாங்கல்யம். எல்லோரும் கேட்டுக் கேட்டுச் சலித்தவை. உங்கள் வாயில் உருளுகிற வார்த்தையாக எடுத்துச் சொந்தமாகக் கட்டிக்கொள்ளுங்கள். நான் சொன்னது இது:

தாதர் ஸ்டேஷன்வர் காட்யாஞ்சீ ராங்க்,
...ராவாஞ்ச நாவ் கேதே, ஆணகீ காய் ஹவ சாங்க்.

தாதர் ஸ்டேஷனில் வரிசையாக வண்டி நிற்கிறது, அவர் பெயரைச் சொல்லிவிட்டேன், இன்னும் என்ன வேண்டும் சொல்லு. புள்ளி வைத்த இடத்தில் மாப்பிள்ளை பெயர். இலக்கணத்தை நாத்தனாரிடம் ஒருமுறை சரிபார்த்துக்கொண்டேன். ரயிலில் போகிறவர்கள் எல்லோரும் கைதட்டினார்கள். அங்கே ரயிலில் போகாதவர் யார்?

ஒன்றோடு நிறுத்தாதீர்கள். டிசம்பரில் கல்யாணம் என்றால் அடுத்த மாதமே சங்கராந்தி. அன்று தொடங்கி ரத சப்தமி வரை வீட்டுக்கு வீடு ஹல்தி குங்கூ, அதாவது பெண்களைக் கூப்பிட்டு மஞ்சள் குங்குமம் கொடுப்பது, நடக்கும், புது மருமகளைப் பார்த்தால் மறுபடி 'நாவ் கே'தான். கேட்டதையே சொன்னால் விடமாட்டார்கள், இரண்டு மூன்று கையில் இருக்கட்டும். அப்புறம், முதல் சங்கராந்திக்கு உங்களுக்குக் கறுப்புப் புடவைதான் கட்டிவிடுவார்கள். அங்கே அது விசேஷம். போட்டோ அனுப்புவதற்கு முன்னால் ஊரில் அம்மாவிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.