இரண்டு அங்குலச் சட்டத்தின் தலையை ரவுட்டரில் ஓட்டும்போது

அலமாரிக் கதவுக்குத் தேக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்த ஒரு பட்டறையில் என் கண்ணெதிரே நடந்தது. இரண்டு அங்குல அகலச் சட்டம். அதன் தலைப்பக்கத்தில், அதாவது நார் குறுக்கே அறுபட்ட குறுகிய முனையில், வடிவம் எடுக்க, ரவுட்டர் டேபிளில் (சுழலும் வெட்டுப்பல் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மேசை) சட்டத்தைத் தனியாகக் கையில் பிடித்துத் தள்ளினார் ஒரு தம்பி. மரத்தை அணைத்துத் தள்ளும் கைடு கட்டையின் நடுவில், பிட் என்ற அந்த வெட்டுப்பல்லுக்காக ஒரு சந்து விட்டிருப்பார்களே, சட்டத்தின் மூலை அதற்குள் சாய்ந்துவிட்டது. டக்கென்று ஒரு சத்தம். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன சட்டம் சுவரில் மோதி விழுந்தது. விரல் தப்பியதே பெரிது.

நீளவாட்டில் ஓட்டினால் சட்டம் முழுசும் கைடில் அணைந்து வரும். தலையை ஓட்டும்போது அணைவது அந்த இரண்டு அங்குலம்தான். அதில் பாதிக்குமேல் சந்தே எடுத்துக்கொண்டால் சட்டம் எதில் ஊன்றி நிற்கும்? பிட்டோ நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் ஓடுகிறது. பெரிய பிட் என்றால் வேகத்தைக் கட்டாயம் குறைக்க வேண்டும்.

அன்றிலிருந்து ஓர் அடி சதுர எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) துண்டு இல்லாமல் நான் தலையை ஓட்டுவதே இல்லை. மூலைமட்டம் வைத்து நாலு மூலையும் சரிபார்த்த துண்டு. சட்டத்துக்குப் பின்னால் அதை ஒட்டி வைத்து, இரண்டையும் சேர்த்து வலமிருந்து இடமாகத் தள்ளுவேன். சட்டம் திரும்பாது. பிட் வெளியேறும் ஓரத்தில் நாரும் பிய்யாது, ஏனென்றால் வெட்டு நேராகத் துண்டுக்குள் போய்விடுகிறது. துண்டின் ஓரம் பள்ளமானால் அறுத்து நேராக்கிக்கொள்ளலாம். ஒரே ஓட்டத்தில் முழு ஆழமும் எடுக்காமல், கைடை நகர்த்தி நூல் நூலாக எடுங்கள். கையுறை கூடவே கூடாது, பிட் அதைச் சுற்றி இழுத்துவிடும்.

இதைவிட எனக்குப் பிடித்த வழி, பலகை அகலமாக இருக்கும்போதே தலையை ஓட்டிவிட்டு, பிறகு வேண்டிய அகலத்துக்கு நீளவாட்டில் அறுத்துக்கொள்வது. நாலு பக்கமும் வடிவம் வேண்டுமென்றால் தலைகளை முதலில் முடியுங்கள். மூலையில் சில்லு பெயர்ந்தாலும் நீளப்பக்கம் ஓட்டும்போது பெரும்பாலும் போய்விடும்.

*

வாசகர் ஒருவரின் பதில்: நான் மெஷின் இல்லாமல், கையால் மரம் சீவும் இழைப்புளியிலேயே செய்கிறேன் அண்ணா. தலையை ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒரே தள்ளாக இழைத்தால் கடைசியில் சில்லு பெயரும். பாதிவரை இழைத்து, திருப்பிப் போட்டு மறுபாதியை எடுப்பேன். கட்டை ரொம்பக் குறுகலென்றால் பின்னால் ஒரு கழிவுத் துண்டைச் சேர்த்து வைஸில் இறுக்கிக்கொள்வேன். காய்ந்த தேக்கில் இழைப்புளி வழுக்கினால் தலையில் லேசாக ஸ்பிரிட் தடவுங்கள், நார் இளகி வெட்டு சுத்தமாக விழும்.