குட்டை ஆன்டெனாவில் லோடிங் காயில்: எஸ்.டபிள்யூ.ஆர். சரி, ஆனால் சிக்னல் போய்ச் சேரவில்லை

கேள்வி:
அமெச்சூர் வானொலிக்காக மொட்டை மாடியில் 2.5 மீட்டர் உயரமும் 10 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள அலுமினியக் குழாயை நிறுத்தி, அடியில் லோடிங் காயில் (குட்டை ஆன்டெனாவை ஒத்ததிர்வுக்குக் கொண்டுவரும் கம்பிச்சுருள்) பொருத்தி, 7.1 மெகாஹெர்ட்ஸில் ஒத்ததிர்வுக்குக் கொண்டுவந்துள்ளேன். தரை இணைப்பு என்பது தண்ணீர்க் குழாயில் கட்டிய ஒரே ஒரு கம்பிதான். எஸ்.டபிள்யூ.ஆர். (கேபிளுக்கும் ஆன்டெனாவுக்கும் உள்ள பொருத்தத்தின் அளவு, 1 என்றால் முழுப் பொருத்தம்) 1.2 காட்டுகிறது, ஆனால் 50 வாட்டில் அழைத்தும் பதில் வருவதில்லை. கால் அலைநீளமான ஏறத்தாழ 10 மீட்டரில் குறையும் 7.5 மீட்டர் கம்பியைக் காயிலில் சுற்றியிருக்க வேண்டும் என்கிறார் நண்பர் ஒருவர். என் காயிலில் 23 சுற்று, மொத்தம் 4.6 மீட்டர் கம்பிதான் உள்ளது. குறை அதில்தான் இருக்கிறதா?

பதில் 1:
இல்லை ஐயா. காயில், குறைந்த நீளத்தை ஈடுகட்டும் கம்பி அன்று. கால் அலைநீளத்தைவிடக் குட்டையான கம்பி, ஊட்டும் முனையில் மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும். தங்கள் குழாய்க்கு அந்த மின்மறுப்பு (ரியாக்டன்ஸ், அதாவது மாறுமின்னோட்டத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) சுமார் 900 ஓம். அதற்குச் சமமான, எதிர்க்குறியுள்ள மின்மறுப்பைத் தருவதே காயிலின் வேலை. இதற்குச் சுமார் 20 மைக்ரோஹென்றி போதும். ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று மேலான விட்டத்தில், ஏழரை சென்டிமீட்டர் நீளத்துக்கு 23 சுற்று சுற்றினால் அது கிடைத்துவிடும். வேறு விட்டத்தில் சுற்றினால் கம்பியின் நீளமும் மாறும், ஆகவே 7.5 மீட்டர் என்ற கணக்குக்குப் பொருளே இல்லை.

பதில் 2:
காயிலைக் குறை சொல்ல வேண்டாம். எனக்குச் சந்தேகம் தருவது அந்த 1.2தான். இந்த உயரத்துக்குக் கதிர்வீச்சுத் தடை (அலையாக வெளியேறும் ஆற்றலைக் குறிக்கும் தடை) ஏறத்தாழ 1.4 ஓம் மட்டுமே. பொருத்துச் சுற்று எதுவும் இல்லாமல் கேபிளின் 50 ஓமுக்கு இவ்வளவு நெருங்கி வருகிறதென்றால், மிச்சமுள்ள 48 ஓமுக்கு மேற்பட்டது முழுவதும் இழப்பாகத்தான் இருக்க முடியும். தாங்கள் கொடுக்கும் 50 வாட்டில் வானில் ஏறுவது ஒன்றரை வாட்டுக்கும் குறைவு. மற்றதெல்லாம் காயிலையும் தரையையும் சூடாக்குவதோடு சரி. மாடியில் பல ரேடியல் கம்பிகளை (ஆன்டெனாவின் அடியிலிருந்து தரை இணைப்பாக விரியும் கம்பிகள்) நாலாபுறமும் விரித்துத் தரை இழப்பை 10 ஓமுக்கு இறக்குங்கள். காயிலின் கியூ மதிப்பு (அதன் மின்மறுப்புக்கும் இழப்புத் தடைக்கும் உள்ள விகிதம்) 300 என்றால் அதன் இழப்பு 3 ஓம், மொத்தம் 14.4 ஓமில் கதிர்வீச்சு கிட்டத்தட்ட 10 சதவீதமாகும். அப்போது எஸ்.டபிள்யூ.ஆர். 3.5 வரை ஏறும். பதற வேண்டாம், ஊட்டும் முனைக்கும் தரைக்கும் இடையே ஒரு சிறு காயிலை வைத்துப் பொருத்திவிடலாம்.

கேட்டவர்:
மிக்க நன்றி. காயிலைக் குழாயின் நடுவுக்கு ஏற்றினால் பயன் உண்டா?

பதில் 3:
உண்டு. அடியில் காயில் இருக்கும்போது மின்னோட்டம் கீழிருந்து நுனிவரை சீராகக் குறைந்து சுழியாகிறது. காயிலை நடுவில் வைத்தால், அதன் கீழுள்ள பாதியில் மின்னோட்டம் பெரும்பாலும் குறையாமல் ஓடும். கதிர்வீச்சுத் தடை 3.1 ஓம் அளவுக்கு உயரும். ஆனால் காயிலுக்கு மேலே மிஞ்சும் பாதிக் குழாயின் மின்தேக்குத்திறன் குறைவு என்பதால், ஒத்ததிர்வுக்கு ஏறத்தாழ இருமடங்கு மின்தூண்டல் தேவைப்படும். காயிலின் இழப்பும் 6 ஓம் ஆகும். தரை இழப்பான 10 ஓமையும் சேர்த்துக் கணக்கிட்டால் பயனுறுதிறன் 16 சதவீதம். இன்னும் மேலே ஏற்றினால் காயில் பெருத்து, கிடைத்த ஆதாயத்தை அதுவே தின்றுவிடும். நுனியில் சக்கரம்போலச் சில கம்பிகளைப் பொருத்துவது எனக்கு அதைவிடப் பிடித்த வழி. மின்தேக்குத்திறன் கூடுவதால் காயிலில் பல சுற்றுகளைக் குறைக்கலாம்.

ஒன்றைக் கவனிக்கவும். ரேடியல்களைச் சரிசெய்தபின், இப்போதுள்ள அடிக்காயிலிலேயே 50 வாட்டுக்கு 1,700 வோல்ட் அளவில் மின்னழுத்தம் எழும். மாடியில் துணி காயப்போட வருபவர்கள் கை படாதபடி தடுப்பு வைத்தபின் ஒலிபரப்புங்கள்.