அஃபேசியாவுக்குப் ‘பேச்சிழப்பு’ பொருந்துமா?

ஐயா, வணக்கம். மூளை பாதிப்பால் மொழித்திறன் பழுதாகும் அஃபேசியாவுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் நீங்கள் எழுதியது இது:

> அஃபேசியாவுக்குப் ‘பேச்சிழப்பு’ என்றே வைத்துவிடலாம். எல்லாருக்கும் புரியும்.

புரியும்தான். தப்பாகப் புரிந்துவிடுமே என்பதுதான் என் கவலை.

பக்கவாதத்துக்குப் பிறகு என் பெரியப்பாவுக்கு அஃபேசியா வந்தது. குரல் கணீரென்றுதான் இருந்தது. தண்ணீர் கேட்க வாயைத் திறந்தால் ‘கதவு’ என்று வரும். தப்பு என்று அவருக்கே தெரியும். தலையை ஆட்டிவிட்டு மறுபடி முயல்வார், மறுபடியும் கதவுதான். “எழுதிக் காட்டுங்க பெரியப்பா” என்று பேனாவைக் கொடுத்தேன். எழுத்திலும் அந்தச் சொல் வரவில்லை. ஆனால் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தால் பத்துவரை தடையில்லாமல் போவார். பழுதானது பேச்சு மட்டுமல்ல, மொழி என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது.

சைகைமொழி பேசும் காது கேளாதவர்களுக்கும் மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் அஃபேசியா வருவதுண்டு. கை நன்றாக அசையும், சைகைமொழி குலைந்துபோகும். அவர்கள் விஷயத்தில் ‘பேச்சிழப்பு’ எதைக் குறிக்கும்?

மூலச்சொல்லின் கிரேக்க வேரும் பேச்சின்மையைத்தானே சொல்கிறது என்று கேட்பீர்கள். உண்மைதான். 1861இல் பிரெஞ்சு மருத்துவர் புரோக்கா விவரித்த நோயாளிக்கு ‘டான்’ என்ற அசையைத் தவிர அநேகமாக வேறு எதுவும் வாயில் வரவில்லை. அந்தக் காலத்தில் பேச்சை வைத்துப் பெயர் சூட்டியது இயல்பு. 1874இல் ஜெர்மன் மருத்துவர் வெர்னிக்கே காட்டிய நோயாளிகளோ சரளமாகப் பேசினார்கள். பிறர் பேசுவதுதான் அவர்களுக்கு விளங்கவில்லை. வேரை அப்படியே மொழிபெயர்த்தால் பழைய குறையையும் சேர்த்துத் தமிழுக்குக் கொண்டுவருகிறோம்.

‘மொழியிழப்பு’ என்றால், ஒரு சமூகம் தன் மொழியைக் கைவிடுவதற்கு மொழியியலில் அந்தச் சொல் புழங்குகிறது. ‘இழப்பு’ என்றதும் போனது போனதுதான் என்ற தொனியும் வந்துவிடுகிறது.

என் பரிந்துரை ‘மொழிமுடக்கம்’. கை முடங்கிப்போச்சு, கால் முடங்கிப்போச்சு என்று வீட்டில் சொல்கிறோம் அல்லவா, அதே போக்கில். முடங்கிய கைக்குப் பயிற்சி கொடுப்பதுபோல இதற்கும் கொடுக்கலாம் என்பது குடும்பத்தாருக்குச் சட்டெனப் பிடிபடும். பெரியப்பாவும் பயிற்சியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொற்களை மீட்டார்.

டிஸ்ஆர்த்ரியாவுக்கு ‘பேச்சுக் குழறல்’ போதும். அங்கே மொழி முழுசாக இருக்கிறது, பேச்சுக்கான தசைகள்தான் சரியாக ஒத்துழைப்பதில்லை. அப்புறம், ‘திக்குவாய்’ வேண்டவே வேண்டாம், அது ஆளையே குறையாக்கிவிடுகிறது, ‘திக்கல்’ என்போம்.

எனக்குச் சிக்கலாக நிற்பது பேச்சு அப்ராக்சியா. தசையில் பலம் இருக்கிறது, சொல்லும் தெரிகிறது. நாக்கை எப்போது எங்கே கொண்டுபோவது என்று மூளை போடும் திட்டம்தான் தவறுகிறது. ‘பட்டம்’ ஒருமுறை ‘பத்தம்’ ஆகும், அடுத்த முறை ‘டப்பம்’. இப்போதைக்கு ‘ஒலிப்பியக்கத் தடுமாற்றம்’ என்று எழுதி வருகிறேன். பொருள் சரி, நீளம்தான் உதைக்கிறது. இதைவிடச் சுருக்கமாக உங்களிடம் ஏதாவது சொல் இருக்கிறதா, ஐயா?