புதுப்பிப்பு: மேற்கு சுவத்துல அடைச்ச ஜன்னல் குழிக்கு என்ன பண்ணேன்

வார்ட்ரோப்புக்காக ரெண்டு ஜன்னலை உள்பக்கமா செங்கல் வெச்சு அடைச்சுட்டோம், வெளியில நாலரை இன்ச் குழியா கண்ணு இல்லாத மூஞ்சி மாதிரி நிக்குதுன்னு கேட்டிருந்தேன்ல, வேலை முடிஞ்சுது. பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி.

மரத்துல டம்மி ஷட்டர் வேணாம்னுட்டேன், மேற்கு வெயில்ல முறுக்கிக்கும். டெரகோட்டா ஜாலி (ஓட்டை ஓட்டையா இருக்குற சுட்ட மண் பிளாக்) சொன்ன அண்ணாவோட ஐடியாதான் கடைசில நின்னுச்சு, ஆனா குழியோட பின்பக்கத்துக்கு முதல்ல கரும் சாம்பல் பெயின்ட் அடிங்கன்னு அக்கா ஒருத்தங்க சொன்னாங்க பாருங்க, அதனாலதான் தெருவுல இருந்து பாத்தா நிஜ ஜன்னல் மாதிரியே தெரியுது.

ஒவ்வொரு குழியும் 4க்கு 4 அடி, ஜாலி 8 இன்ச், அதனால ஆறாறு 36னு கணக்கு போட்டு ரெண்டுக்கும் 72 வாங்கிட்டேன். நடுவுல வர்ற சிமென்ட் ஜாயின்ட்டை மறந்துட்டேன்! அஞ்சுக்கு அஞ்சுதான் புடிச்சுது, மிச்ச இடத்தை கொத்தனார் சுத்தி பார்டரா பூசிட்டாரு, அது என்னமோ ஃப்ரேம் மாதிரி அழகாவே அமைஞ்சுடுச்சு. மீதி 22 மொட்டைமாடியில கிடக்கு.

எதிர்பாக்காதது மழைதான். அடியில சரிவு குடுக்கல, தண்ணி தேங்கி வார்ட்ரோப் பின்னாடி ஓதம் வந்துடுச்சு. கீழ் வரிசையை பேத்து, வெளிப்பக்கமா சரிவு போட்டு, அடி ஜாயின்ட்ல ரெண்டு எடத்துல விரல் நுழையுற அளவு ஓட்டை விட்டோம். அப்புறம் ஒழுங்கா வடியுது.

"ஜன்னல் வரிக்கு பயந்தா அடைச்சீங்க"ன்னு ஒருத்தர் கலாய்ச்சிருந்தீங்களே, இங்கிலாந்துல 1696லேந்து 1851 வரைக்கும் நெஜமாவே அந்த வரி இருந்துச்சாம். நமக்கு வரி இல்ல, பொடவை வெக்க எடம்தான் இல்ல.