ராஜ்மகால் மலைக் கிராமத்தில் இரண்டு வாரம்: அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

கேள்வி (வாலிபர் ஐக்கியச் செயலர், தூத்துக்குடி):
ஜார்க்கண்ட் மாநிலம் சாகிப்கஞ்ச் மாவட்டத்தில், ராஜ்மகால் மலைமேல் வாழும் மால்தோ மக்களிடையே ஊழியம் செய்யும் ஒரு மிஷனெரிக் குடும்பத்துடன் தங்குவதற்கு எங்கள் சபையிலிருந்து சிலர் நவம்பரில் செல்கிறோம். கூட்டங்கள் நடத்துவது குறித்து நிறையச் சொல்லித் தந்திருக்கிறார்கள். ஆனால் விடியற்காலை முதல் இரவு வரை அங்கே பொழுது எப்படிக் கழியும், யாருக்கும் பாரமாகாமல் இருக்க நாங்கள் என்ன செய்யவேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றியுடையவர்களாக இருப்போம்.

பதில் 1 (ஓய்வுபெற்ற ஊழியர்):
தம்பி, அவை நீலகிரியைப் போல உயர்ந்த மலைகள் அல்ல. ஆயினும் ஊர்கள் பெரும்பாலும் உச்சியிலும் ஊற்று சரிவிலும் இருப்பதால், அங்கே நாளின் முதல் வேலை தண்ணீர்தான். பெண்களும் சிறுமிகளும் இருள் பிரியும் நேரத்தில் குடங்களுடன் இறங்கி ஏறுகிறார்கள். அவர்கள் சுமந்து வந்த தண்ணீரில் குளிக்காதீர்கள். ஊற்றுக்குக் கீழே, நீர் வழிந்தோடும் இடத்தில் குளித்துவிட்டு, திரும்பும்போது மிஷனெரி வீட்டுக்கு ஆளுக்கொரு குடம் கொண்டு வாருங்கள். அந்த வீட்டு அம்மாவுக்கு இதைவிடப் பெரிய உதவி எதுவுமில்லை.

காட்டைத் திருத்திப் பயிரிடும் சரிவு நிலங்களில் மக்காச்சோளமும் காராமணியும் விளைகின்றன. நீங்கள் போவது அறுவடையை ஒட்டிய காலம் என்பதால், பகலில் ஊரில் முதியோரும் குழந்தைகளும் மட்டுமே இருப்பார்கள். நடுப்பகலில் கூட்டம் வைத்துவிட்டு, ஆட்கள் வரவில்லையே என்று வருந்துவதில் பொருளில்லை. அவர்கள் நிலத்திலிருந்து திரும்பி, அடுப்பு மூட்டி உண்ட பிறகே ஜெபத்துக்குக் கூடுவார்கள். அப்போதும் நீங்கள் பேசுவதைக் குறைத்து அவர்களைப் பாடவிடுங்கள். சந்தை நாளில் விறகும் தானியமும் சுமந்து அடிவாரத்துக்கு இறங்குகிறவர்களோடு நீங்களும் நடந்து செல்லுங்கள். எந்தக் கூட்டமும் தராத நெருக்கத்தை அந்த நடை தரும்.

பதில் 2 (செவிலியர், நாகர்கோவில்):
ஐயா கூறியவற்றோடு உடல்நலம் பற்றியும் சொல்லவேண்டும். அது மலேரியாவும், காலா அசார் எனப்படும் கருங்காய்ச்சலும் உள்ள பகுதி. மலேரியாத் தடுப்பு மாத்திரை குறித்துப் புறப்படுவதற்கு முன்பே மருத்துவரிடம் கேளுங்கள். காலா அசாரைப் பரப்பும் மணல் ஈ மண்சுவர் வெடிப்புகளில் தங்கி, இரவில் கடிக்கும். சாதாரணக் கொசுவலையின் கண்களில் நுழையும் அளவுக்குச் சிறியது. எனவே பூச்சிமருந்து ஏற்றிய, நெருக்கமான கண்கள் கொண்ட வலையைக் கொண்டு செல்லுங்கள். தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள். ஊர் திரும்பியபின், மாதங்கள் கடந்து காய்ச்சல் வந்தாலும், ராஜ்மகால் சென்றதை மருத்துவரிடம் தவறாமல் கூறுங்கள். ஊராரில் எவருக்கேனும் இரண்டு வாரத்துக்கு மேல் காய்ச்சல் நீடித்தால், நீங்களாக மாத்திரை கொடுக்காமல் அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல உதவுங்கள்.

பதில் 3 (சபை மூப்பர், மதுரை):
துணிமணி, பணம், இனிப்பு ஆகியவற்றை நேரடியாக வழங்கவேண்டாம். வற்புறுத்தியோ ஆசைகாட்டியோ மதம் மாற்றுவதைத் தடை செய்யும் சட்டம் ஜார்க்கண்டில் 2017 முதல் உள்ளது. நல்ல மனத்தோடு கொடுத்ததும் தவறாகப் பொருள் கொள்ளப்படலாம். நீங்கள் திரும்பிவிடுவீர்கள்; விளைவைச் சந்திக்கப்போவது அங்கேயே வாழும் மிஷனெரியும் விசுவாசிகளும்தான். கொடுக்க விரும்புவதை அவரிடம் கலந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. மால்தோவும் திராவிட மொழி என்று அறிந்தோம். தமிழைக் கொண்டு சமாளிக்க இயலுமா?

பதில் 1:
இயலாது, தம்பி. பேச்சுக்கு ஓரளவு இந்தி பழகிக்கொள்ளுங்கள். மால்தோப் பாடல் ஒன்றிரண்டை அங்குள்ள பிள்ளைகளிடமே கற்றுக்கொள்ளலாம். சலிக்காமல் சொல்லித் தருவார்கள்.