மலாக்கா செட்டி குடும்பப் படம், பாத்திக் துணி: பலகையில் ஒட்டுவது எப்படி?

கயல்_மலாக்கா:
40×50 செ.மீ. பலகையில் மலாக்கா செட்டிகளை (மலாக்காவில் குடியேறி உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர் வழிவந்தவங்க) பற்றி மிக்ஸ்ட் மீடியா, அதாவது பல பொருள்களைச் சேர்த்து ஒட்டுற படம் செய்றேன். கெபாயா (மலாய் மேற்சட்டை) உடுத்திய கொள்ளுப்பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம், பழைய பாத்திக் (மெழுகு வெச்சுச் சாயம் போட்ட) சாரோங் துண்டு, மஞ்சள்தூள் கையில இருக்கு. இங்க்ஜெட்ல எடுத்த பிரிண்டை ஜெல் மீடியத்தில் (கெட்டியான அக்ரிலிக் பசை) ஒட்டி, தாளை உரிச்சு மையை மட்டும் பலகையில இறக்கினா பிய்ஞ்சு வருது. துணியும் மூலையில எழும்புது. முகத்தை நடுவில் பிரிச்சுப் பாதி தமிழ், பாதி மலாய்னு காட்டலாமா?

பசைக்காரன்:
இங்க்ஜெட் மை தண்ணியில கரையும், அதான் கோளாறு. லேசர் பிரிண்ட் எடுங்க: 80 கிராம் தாள், படத்தை இடவலமா திருப்பி. மூலப்படத்தைத் தொடாதீங்க, 600 டிபிஐ ஸ்கேன் போதும்.

பலகைக்கு ஜெஸ்ஸோ (வெள்ளை அடிப்பூச்சு) ரெண்டு கோட், காய்ஞ்சதும் 220 மணல்தாள். ஜெல்லைச் சமமா பூசி, படத்தைக் குப்புற வெச்சு, பழைய ஏடிஎம் கார்டால நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுங்க. காத்துக்குமிழ் நின்ன இடம்தான் பிய்யும். 24 மணி நேரம் காயணும், மழைநாள்னா இன்னும் கூட. அப்புறம் தாளை நனைச்சு விரல் நுனியால நாரை உருட்டி எடுங்க. ஒரே மூச்சில முடிக்கப் பாக்காதீங்க, ஊறின ஜெல் மையோட சேர்ந்து பெயரும். காயவிட்டு மறுபடி நனைங்க. கடைசியா நிக்கிற வெள்ளைப் படலம் மெல்லிசா ஒரு கோட் ஜெல் பூசினா மறைஞ்சுடும்.

நூலும்_மெழுகும்:
துணி எழும்புறதுக்கு மிச்ச மெழுகு காரணமா இருக்கலாம். மெழுகு மேல அக்ரிலிக் பிடிக்காது. ஒரு சொட்டுத் தண்ணி விட்டுப் பாருங்க, முத்தா நின்னா மெழுகு இருக்கு. ரெண்டு வெறும் பழுப்புத் தாளுக்கு நடுவுல வெச்சு அயர்ன் பண்ணுங்க, தாள்ல எண்ணெய்க் கறை வராம போற வரைக்கும் தாளை மாத்தி மாத்தி. (செய்தித்தாள் வேண்டாம், அச்சு மை ஒட்டும்.) சாயம் போகுதான்னு ஓரத்தை ஈர வெள்ளைத் துணியால ஒத்திப் பாத்துட்டு அலசிக் காயவையுங்க. ஒட்டும்போது பலகையிலயும் துணி முதுகுலயும் ஜெல் பூசணும். ஓரத்தை 2 செ.மீ. பின்பக்கம் மடிச்சு ஒட்டினா மூலை எழும்பாது.

வெற்றிலைத்தட்டு:
மஞ்சள்தூள் வெயில்ல வெளுத்துடும். அக்ரிலிக் மீடியம் காரத்தன்மை உள்ளது, அதனால ஈரத்துல செம்பழுப்பா காட்டவும் செய்யும். நிலைக்கணும்னா மஞ்சள் ஆக்சைடு பெயின்ட் போடுங்க. நிஜ மஞ்சள் வேணும்னா சின்னக் கண்ணாடிக் குப்பியில அடைச்சுப் பதிங்க.

பாதி பாதி வேண்டவே வேண்டாம். செட்டி வீட்டில் பேச்சு மலாய், கும்பிடுறது 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில்ல, பொங்கலுக்கு முந்தின நாள் முன்னோருக்குப் படையல். உடுப்பு கெபாயா சாரோங். எது எங்க முடியுதுன்னு கோடு போட முடியாது. அதனால அடியில பாத்திக், அது மேல படத்தை இறக்குங்க. லேசர் பிரிண்ட்ல வெள்ளைப் பகுதிக்கு மை கிடையாது, அங்கெல்லாம் பாத்திக் பூ தெரியும். கன்னத்திலயும் நெத்தியிலயும் சாரோங் பூ வரும். முகம் கலங்கிப் போனா துணிக்கு மேல நீர்த்த ஜெஸ்ஸோ ஒரு கோட் அடிச்சுட்டுப் படத்தை இறக்குங்க.

கயல்_மலாக்கா:
நன்றி. துணி முழுக்க அடர்நீலம். நீர்த்த ஜெஸ்ஸோ போதுமா?

வெற்றிலைத்தட்டு:
அடர்நீலத்துக்கு ஒரு கோட் போதாது. முகம் வர்ற இடத்துல மட்டும் மூணு கோட், ஒவ்வொண்ணும் காய்ஞ்ச பிறகு. முதல்ல ஒரு வெட்டுத்துண்டுல பாத்துடுங்க.