மறுமொழி: ‘எலும்பு ஒருங்கிணைவு’ என்பதற்கு மாற்றாக ‘எலும்புப்பற்று’

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பல் இழந்த இடத்தில் தாடையில் நடும் டைட்டானியத் திருகோடு எலும்பு ஒட்டி வளர்வதை ஆங்கிலத்தில் ஆஸியோஇன்டகிரேஷன் (osseointegration) என்கிறோம்; அதற்கு ‘எலும்பு ஒருங்கிணைவு’ என்று நம் கலைச்சொல் பட்டியலில் இருக்கிறது. பாலக்காட்டு அன்பர் ‘அஸ்தி இணைப்பு’ என்று பரிந்துரைத்திருக்கிறார். இரண்டையும் ஏற்க எனக்கு மனம் ஒப்பவில்லை. மலையாளத்தில் அஸ்தி என்றால் எலும்பு, அவ்வளவே. தமிழ் வீடுகளில் அது ஈமக்கடன் முடித்து ஆற்றில் கரைப்பது. இரு மொழியும் புழங்கும் கொழிஞ்சாம்பாறையில், பல் கட்ட வரும் ஒரு தமிழ் மூதாட்டியிடம் நான் அச்சொல்லைச் சொல்ல இயலாது.

‘ஒருங்கிணைவு’ மீதான என் மறுப்பு வேறு. டைட்டானியமும் எலும்பும் சமபங்கில் ஒன்றுசேர்வதாக அது எண்ண வைக்கிறது. உண்மையில் வேலை முழுவதையும் எலும்பே செய்கிறது. சுவீடன் மருத்துவ ஆய்வாளர் பிரோனமார்க் 1952-இல் முயலின் காலெலும்பில் பொருத்திய டைட்டானியக் கூட்டைப் பின்னர் கழற்ற முடியாமல் போனதற்குக் காரணம், எலும்பு அதன் மேலேயே வளர்ந்து பற்றிக்கொண்டதுதான். 1965-இல் அவர் முதல் நோயாளிக்குப் பல்திருகு பொருத்தியது இந்த அறிதலின் வழியே.

திருகு நட்ட அன்றும் சில மாதம் கழித்தும் நோயாளிகள் “பிடிச்சுக்கிச்சா டாக்டர்?” என்று ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்; ஆனால் விடைகள் இரண்டு. முதல் நாள் உறுதி, சற்றுக் குறுகலாகத் துளைத்த குழியில் மரைகள் (திருகைச் சுற்றியோடும் புரிகள்) எலும்பை நெருக்கி நிற்பதால் வருவது. நெருக்கம் மிகுந்தால் அங்கே குருதியோட்டம் குன்றி எலும்பு மடிகிறது. மடிந்ததை உடல் அரித்து அகற்றிய பிறகே புது எலும்பு அங்கே அமைகிறது. அதனால்தான், பழைய பிடி தளர்ந்து புதியது இன்னும் வலுக்காத இரண்டாம் வாரத்துக்கும் நான்காம் வாரத்துக்கும் இடையில் திருகின் மொத்த உறுதி குறைந்து காணப்படுகிறது. மாறாக, மரையின் பள்ளம் துளைச்சுவரைத் தொடாமல் இடம் விட்டிருந்தால், அந்த இடைவெளியில் உறைந்த குருதியிலிருந்து, முதலில் அரித்து அகற்றும் கட்டம் இல்லாமல், இளம் எலும்பு நேரடியாகவே உருவாகிறது. மரையின் ஆழம், இடைவெளி, வெட்டுவடிவம், திருகின் கூம்பல் ஆகியவற்றைத் தீர்மானிப்பவர் முதல் நாள் நெருக்கம், எலும்பு வளர விடும் இடம் ஆகிய இரண்டையும் ஒருசேர எடைபோட வேண்டியிருக்கிறது. மேற்பரப்புக்கும் பங்குண்டு: மணல் வீசி அமிலத்தில் அரித்த, ஒன்றிரண்டு மைக்ரான் சொரசொரப்புள்ள பரப்பில் குருதியுறைவின் இழைகள் நன்கு தங்குவதால், எலும்பாக்கும் செல்கள் அவற்றின் வழியே நகர்ந்து வந்து திருகின் மீதே எலும்பைப் படியவைக்கின்றன.

ஆகவே நமக்கு வேண்டியவை இரண்டு சொற்கள். முதல் நாள் உறுதிக்குத் ‘திருகுப்பிடி’ என்றும், வளர்ந்து வரும் உறுதிக்கு ‘எலும்புப்பற்று’ என்றும் முன்மொழிகிறேன். ‘என்பிணைவு’ (என்பு, அதாவது எலும்பு + இணைவு) சுருக்கமானதுதான், ஆனால் ‘என் பிணைவு’ என்றே கண் வாசிக்கிறது. ‘பற்று’ கணக்கு வழக்கை நினைவூட்டும் என்று ஒரு மறுப்பு வரலாம். எலும்போடு சேர்த்தெழுதும்போது அந்த மயக்கத்துக்கு இடமில்லை. திரெட் என்பதற்கு, பொள்ளாச்சி, கோவை லேத் பட்டறைகளில் வழங்கும் ‘மரை’யையே கொள்வோம், புதிதாக ஒன்று ஆக்க வேண்டியதில்லை.

இச்சொற்களை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: “மென்மையான மேல்தாடை எலும்பில் ஆழ்ந்த மரை திருகுப்பிடியைக் கூட்டும், ஆயினும் குணமாகும் காலத்தில் திருகு ஏறத்தாழ 150 மைக்ரானுக்கு மேல் அசைந்தால் எலும்புப்பற்று அமையாமல் நாருறை சூழும்.” பாடநூலில் வைத்தாலும் மாணவர்க்கு இது விளங்கும் என நம்புகிறேன்.

‘நாருறை’ மட்டும் எனக்கு நிறைவளிக்கவில்லை. உறை என்றால் வெளியிலிருந்து போர்த்தியதுபோல் ஒலிக்கிறது. நார்த்திசுவோ திருகைச் சுற்றி அங்கேயே வளர்வது. அதைக் காட்டும் சொல் உங்களிடம் இருந்தால் அருள்கூர்ந்து எழுதுங்கள்.